விமானம் போகிற இடத்துக்கு விமானியும் போகட்டும்

பிராந்திய விமானச் சேவையை ஒப்பந்தத்துக்கு விடும் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் பேஸிலிருந்து, அதாவது நாங்கள் பணி தொடங்கும் விமான நிலையத்திலிருந்து, பறக்கும் விமானங்கள் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறப் போகின்றன என்ற செய்தி எங்களை வந்தடைந்த விதத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை. எழுதினால் மரியாதை தப்பிவிடும். பின்னணி உங்களுக்குத் தெரியும். அட்டவணை போடுவதும் டிக்கெட் விற்பதும் நீங்கள். ஆள் வைத்து ஓட்டிக் கொடுப்பது எங்களைப் போன்ற நிறுவனங்கள். குறைவாகக் கேட்பவருக்கு அடுத்த ஒப்பந்தம். வியாபாரம் அப்படித்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

கேட்பது ஒன்றுதான். விமானத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது, அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்களையும் அவர்களுடைய சீனியாரிட்டி குறையாமல் அங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சீனியாரிட்டி என்பது நிறுவனத்தில் சேர்ந்த வரிசைப்படி விமானிக்குக் கிடைக்கும் எண். அதன் அருமை உங்களுக்குத் தெரியாததல்ல. எந்த ஊரில் பேஸ், எந்த டிரிப், தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியுமா, கேப்டனின் இடது இருக்கையா துணை விமானியின் வலது இருக்கையா, எல்லாமே அதை வைத்துத்தான். புது நிறுவனத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே நாம் பட்டியலின் கடைசி ஆள். எங்களில் ஒரு கேப்டன் ஐம்பதைத் தாண்டியவர். 65 வயதில் சட்டப்படி இறங்கியாக வேண்டும். மறுபடி மேலே ஏறிவர அவருக்குக் காலம் போதாது. அவர் இனி ரிசர்வில் உட்கார வேண்டும். போன் அடித்தால் சொன்ன நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வீடு ஒரு மாநிலம், பேஸ் இன்னொரு மாநிலம் என்பதால், முன்பின் தெரியாதவர்களோடு அடுக்குக் கட்டிலில் ஓர் இடம் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். அவரிடம் வேலை கற்று, முன்கூட்டியே அங்கே போய்ச் சேர்ந்துவிட்ட பையன்கள் இடது இருக்கையில் இருப்பார்கள். அவர் வலது பக்கம் உட்கார்ந்து செக்லிஸ்ட் படிப்பார்.

பயணிக்கு இது எதுவும் தெரியப்போவதில்லை. அதே கேட், அதே வர்ணம், வாலில் அதே சின்னம். டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர் மட்டும் வேறு. நம்மூரில் ஆஸ்பத்திரி கேண்டீன் ஒப்பந்தம் கைமாறினால்கூட, சம்பளத்தைக் குறைக்காமல் பழைய மாஸ்டரையே வைத்துக்கொள்வதுண்டு.

இது புதிதும் அல்ல. 2012 செப்டம்பரில் டெல்டா தன் சொந்தத் துணை நிறுவனமான காமேரை மூடியது. 2020 ஜூலை கடைசியில், யுனைடெட் தன் எம்ப்ரேயர் 145 விமானங்களை எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற பிராந்திய நிறுவனத்திடமிருந்து எடுத்து, கம்யூட்டேர் என்ற இன்னொரு பிராந்திய நிறுவனத்திடம் கொடுக்க முடிவு செய்தது. செப்டம்பர் 30-ஆம் தேதியோடு எக்ஸ்பிரஸ்ஜெட்டுக்கு அங்கே வேலை முடிந்தது. இரண்டே மாதம். பெருந்தொற்றுக் காலம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பறக்க விமானம் இருந்தது, ஓட்ட ஆளும் இருந்தார்கள். இரண்டையும் பிரித்தது ஒப்பந்தம்தான்.

இரு நிறுவனங்கள் இணைந்தால் சீனியாரிட்டிப் பட்டியல்களை நியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று 2007-லேயே மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தம் கைமாறுவது இணைப்பு ஆகாதாம். அதனால் அந்தச் சட்டம் எங்களை எட்டாது. வக்கீல்கள் கெட்டிக்காரர்கள்.

2022-இல் விமானிகள் பற்றாக்குறை என்று கூப்பாடு எழுந்தபோது பிராந்திய நிறுவனங்கள் போனஸை அள்ளி நீட்டியதும், வருகிற மின்னஞ்சலில் எல்லாம் நாங்கள் 'குடும்பம்' ஆனதும் நினைவிருக்கிறது. பொதுவாக 1,500 மணி நேரம் பறந்தால்தான் வலது இருக்கையே கிடைக்கும். கடன் வாங்கி அந்த மணிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தவர்களுக்கு, குடும்பத்திலிருந்து வெளியேறச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். தரையிறங்கியதும் மைக்கில் நாங்கள் நன்றி சொல்வது இன்னமும் உங்கள் பெயரில்தான்.

கோபம் எட்டிப்பார்த்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையை மறுபடி சொல்கிறேன்: விமானம் போகிற இடத்துக்கு அதன் விமானிகளும் தங்கள் சீனியாரிட்டியோடு போக வேண்டும். அது உடனே முடியாதென்றால், கைமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டு முன்னதாக எங்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இந்த இரண்டையும் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிராந்திய விமானச் சேவையின் கேப்டன் ஒருவன்