ஃபுககாவா அக்கம்பக்கத்தாருக்கு எங்கள் நன்றி

டோக்கியோவின் ஃபுககாவா பகுதியில், மொன்சென் நகாச்சோ வாழ் நண்பர்களுக்கு,

வணக்கம். 2023 ஆகஸ்டில் டோமியோகா ஹாச்சிமான் ஆலயப் பெருவிழாவில் எங்களையும் உங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டீர்கள். அதற்காகவே இந்த மடல்.

எதிர்வீட்டுப் பாட்டி, நாங்கள் குடிவந்த புதிதில் ஆலயத்துக்குக் கூட்டிப்போனது நீங்கள்தான். தோரி வாசலில் குனிந்து வணங்கி, நடுப்பாதையைச் சாமிக்கு விட்டு ஓரமாக நடந்தோம். தண்ணீர்த் தொட்டியில் முதலில் இடது கை, பிறகு வலது கை, அப்புறம் இடது உள்ளங்கையில் ஏந்தி வாய். கடைசியில் அகப்பைக் காம்பையும் கழுவி வைக்க வேண்டும். சன்னதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். எங்கள் சின்ன மகள் இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றீர்களே, அதை மறக்க மாட்டோம்.

பேட்டைச் சங்கப் பெரியவர்களுக்குத்தான் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 1627இல் தோன்றிய ஆலயம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருவிழா, கொரோனாவால் தள்ளிப்போய் 2017க்குப் பிறகு 2023இல்தான் நடந்தது. ஆறு ஆண்டுகளாகக் காத்திருந்த உங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, மிகோஷி என்னும் சாமிப் பல்லக்கைத் தூக்க எனக்கும் தோள் அளவு இடம் விட்டீர்கள். என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. பேட்டையின் பெயர் போட்ட ஹாப்பி அங்கியைத் தந்தீர்கள். உயரம் பார்த்து நிறுத்தி, அடிவைக்கக் கற்றுக்கொடுத்து, தோள் வலித்தால் எப்போது ஆள் மாற வேண்டும் என்பதையும் சொன்னீர்கள். 1807இல் இதே விழாக் கூட்டத்தின் பாரம் தாங்காமல் பழைய ஏய்தாய் பாலம் இடிந்து பலர் இறந்ததை, பாலத்தை நெருங்கும்போது ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு தோளில் இருந்த மரம் வேறு மாதிரி கனத்தது.

வழியெல்லாம் தண்ணீர் இறைத்த கடைக்காரர்களே, வீட்டுக்காரர்களே! எங்கள் ஊரில் சாமி தூக்கி வருபவர்களின் காலில் குடத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். நீங்களோ வாளி வாளியாகத் தலையிலேயே கொட்டினீர்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மிகோஷிகள், "வாஷோய், வாஷோய்" என்ற முழக்கம், உச்சி வெயில். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் நான் பாதி வழியிலேயே சுருண்டிருப்பேன்.

ஹாப்பியைத் துவைத்துச் சங்கத்தில் கொடுத்துவிட்டோம். அடுத்த பெருவிழாவுக்குப் பந்தல் போடும் வேலையிலிருந்தே எங்களைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆற்றோரத் தெருத் தமிழ்க் குடும்பம்