பார்க்க வருபவர்களுக்கு இடமில்லாத முகாம்

வெள்ளவத்தை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். செட்டியார் தெருவிலிருந்து வேல் ஊர்வலம் வரும் காலம் என்பதால் காலி வீதியில் பின்னேரங்களில் பஸ் நகராது. நாங்கள் இங்கே வைக்கும் கூத்து முகாமுக்கு நாள் குறிக்கும்போது முதலில் பார்ப்பதே அதைத்தான். வேல் வரும் நாளில் முகாம் வைத்தால் பாதிக் குடும்பம் வராது, வரும் பாதியும் மத்தியானத்தோடு எழும்பிவிடும்.

திருகோணமலையில் பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனுக்கும் சேர்த்து ஐந்து நாள் கூத்து, பாட்டு, கதை என்று முகாம் வைக்கப் போகிறாய் என்று வாசித்ததும் அவ்வளவு சந்தோசம். ஆனால் மார்கழி விடுமுறை வேண்டாம். உங்கள் பக்கம் அது அடைமழைக் காலம். மத்தளத் தோல் தொய்ந்து போகும், பிள்ளைகளுக்குத் தடிமன் பிடிக்கும். சித்திரை விடுமுறை வருடப்பிறப்போடு போய்விடும். ஓகஸ்ட்தான் சரி. கச்சான் காற்று வெக்கையாக அடிக்கும், ஆனால் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை வடிவாக ஆடலாம்.

நீ கேட்ட மற்றதெல்லாம் ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது. முகாமில் பார்வையாளர் என்று ஒருவர்கூட இருக்கக் கூடாது. பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே கதிரையில் இருந்து போன் பார்ப்பது கொழும்பில் தாய் தகப்பனுக்குப் பழகிப்போன ஒன்று. பரதநாட்டிய வகுப்புக்கு அது பொருந்தும், கூத்துக்குப் பொருந்தாது. மட்டக்களப்பில் கூத்தாடும் வட்டமான வட்டக்களரியைச் சுற்றி இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டுப் பாடம். பின்னால் நின்று பாடும் பிற்பாட்டுக்காரர் ஒரு வரியை விட்டால் களரிக்கு வெளியிலிருந்து யாரோ எடுத்துக் கொடுப்பார்கள். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றைத் தயாரித்தபோது, விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்குக் கொண்டுவந்தார். நகரத்து ஆக்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். அந்த வேலை அன்றைக்குத் தேவைப்பட்டது. முகாமுக்குத் தேவை அதன் மறுபக்கம், திரும்பவும் வட்டம்.

அதனால்தான் நாங்கள் இங்கே எடுப்பது அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போகும் கட்டம். வடமோடி என்ற கூத்து வகைக்குப் பொருந்திய பாரதக் கதை. எல்லாவற்றையும் விட, வியூகம் கட்ட ஆள் வேண்டும், அதனால் 45 பேருக்கும் வேலை இருக்கிறது. கணக்கைச் சொல்கிறேன், எழுதி வை. ஒரு ஆளுக்கு மூன்றடி. வெளி வட்டத்தில் 24 பேர் என்றால் சுற்றளவு 72 அடி, குறுக்களவு கிட்டத்தட்ட 23 அடி. உள் வட்டத்தில் 12 பேர், குறுக்களவு பதினொன்றரை அடி. இரண்டுக்கும் நடுவில் ஐந்தே முக்கால் அடி இடைவெளி ஓடை போல வரும், அபிமன்யு ஓடித் திரும்ப அது போதும். மிச்சம் ஒன்பது பேர்: அபிமன்யு, சுபத்திரை, துரோணர், ஆறு பிற்பாட்டுக்காரர். 30 அடிச் சதுரத்துக்குக் குறைந்த மண்டபம் என்றால் எடுக்காதே.

வட்டம் எப்போதும் சுருங்கும். ஆடுகிற ஆள் தன்னை அறியாமல் நடுவை நோக்கி அரையடி அரையடியாக வருவார். ஐந்து நிமிடத்தில் ஓடை மூன்றடியாகிவிடும், அபிமன்யு யாரோ ஒருவரின் காலில் தடக்கி விழுவான். சோக்கால் கீறினால் வியர்வையில் அழிந்து போகும். பெயின்ற் அடிப்பவர்கள் ஒட்டும் கடதாசி ரேப்பில் ஒரு ஆளுக்கு ஒரு சிறு துண்டு ஒட்டு. நான்கு தட்டுக்கு ஒருமுறை குதிக்கால் அந்தத் துண்டுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடு.

தரை மாபிள் என்றால் கவனம். வியர்வை பட்டால் வழுக்கும், குதிக்காலும் நோகும். சீமெந்துத் தரை நல்லது. உங்கள் ஊரில் மணல் முற்றம் கிடைக்குமென்றால் மண்டபமே வேண்டாம், முதல் நாள் பின்னேரம் தண்ணீர் தெளித்து இறுக்கிவிடு.

ஆட்டம் பழக்கும் ஒழுங்கு வாய், கை, கால். முதலில் தாளச் சொற்களான தாளக்கட்டை வாயால் சொல்ல வேண்டும். பிறகு வாயும் கையும். வாய் தடுமாறாமல் கை விழுந்தால்தான் கால். அவசரப்பட்டு முதல் நாளே கால் மிதியைத் தொடங்கினால், பிள்ளைகள் பக்கத்து ஆளின் காலைப் பார்த்து ஆடுவார்கள், ஒவ்வொரு மிதியும் கால்வாசித் தட்டுப் பிந்தும். நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கு, நான்காம் நாள் 80 போதும். பெரியவர்கள்தான் கெதியாக்குவார்கள், அதுவும் தகப்பன்மார். கெதி கூடினால் பிள்ளைகள் மிதிப்பதை விட்டுக் குதிப்பார்கள். முழங்கால் விறைத்தபடி குதிக்கால் முதலில் விழும், அடுத்த நாள் காலை நொண்டுவார்கள். முழங்கால் சற்று மடிந்திருக்க, உள்ளங்கால் முழுதும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும். 40 நிமிடம் ஆட்டம், 10 நிமிடம் இருப்பு. இதை மீறாதே.

சதங்கையை நான்காம் நாள் வரை கொடுக்காதே. சதங்கைச் சத்தத்தில் கால் பிழை காதில் விழாது. வெறுங்காலில் 36 பேர் ஒன்றாக மிதித்தால் ஒரே சத்தம் வரும், இரண்டு பேர் பிந்தினாலும் அந்தச் சத்தத்தின் ஓரம் பிசிறும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கண்ணை மூடிக்கொண்டே யார் பக்கம் பிழை என்று காட்டுவார்.

இன்னொன்று, இதை நான் பெரிதாக நினைக்கிறேன். வட்டத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்த்து நிறுத்தாதே. தாய்க்குப் பக்கத்தில் தன் பிள்ளை நின்றால் அவள் ஆட மாட்டாள், பிள்ளையின் காலைத்தான் பார்ப்பாள். "வலது கால், வலது கால்" என்று வாய் ஓயாது. பிள்ளை அழும். ஒரு பிள்ளைக்கு இரு பக்கமும் வேறு வீட்டுப் பெரியவர்கள் நிற்கட்டும். தன் பிழை வெளியே தெரியும் என்ற கூச்சத்தில் பெரியவர்கள் தங்கள் காலைப் பார்ப்பார்கள், பிள்ளை நிம்மதியாக ஆடும். கடைசி நாள் மட்டும் குடும்பத்தைச் சேர்த்து நிறுத்து.

மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை அழைப்பது பற்றிக் கேட்டாய். இங்கே வருபவர் உதயதேவி ரயிலில் வருவார், முகாமுக்கு ஒரு நாள் முன்னதாகவே. மத்தளத்தைப் பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பொலித்தீனில் சுற்றினால் உள்ளே வேர்த்துத் தோல் இளகும். வந்த இடத்துக் காற்றுக்குத் தோல் பழக ஒரு இரவு வேண்டும். குளிரூட்டிய மண்டபத்தில் தோல் காய்ந்து சுருதி ஏறும், ஜன்னலைத் திறந்தால் இறங்கும். குளிரூட்டியைப் போடுவதா விடுவதா என்று காலையிலேயே முடிவெடு, இடையில் மாற்றாதே. அண்ணாவியாருக்குரிய காசை வரும் அன்றே கையில் கொடுத்துவிடு. அவரைத் தாளம் போட வந்தவராக யாரும் நடத்த விடாதே. கூத்தில் அவர்தான் ஆசிரியர், களரியில் கடைசிச் சொல் அவருடையது.

நாட்களைப் பிரிக்க நீ புதிதாக ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை, கூத்திலேயே ஒழுங்கு இருக்கிறது. முதல் நாள் பின்னேரம் சட்டம் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் கொப்பியை வெற்றிலையோடு கொடுப்பார். ஊரில் மாதக்கணக்கில் நடக்கும் கிழமைக் கூத்து என்ற ஒத்திகை இங்கே இரண்டு நாள். நான்காம் நாள் சதங்கை அணிதல், அன்றிரவே முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல். ஐந்தாம் நாள் அரங்கேற்றம், 20 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் ஆறு வயதுப் பிள்ளை வட்டத்தில் நிற்காது. தலையில் வைக்கும் முடியும், வளையம் வைத்த கரப்புடுப்பும் வேண்டாம். கடதாசி மட்டை முடி வியர்வையில் ஊறிக் கண்ணை மறைக்கும். ஒரு சால்வை போதும்.

பாட்டில் பெரிய சிக்கல் சுருதி. சுருதியை 1 கட்டையில் வைத்தால் தகப்பன்மாருக்கு வசதி, பிள்ளைகள் தொண்டைக்குள் முனகுவார்கள். 5 கட்டையில் வை. பெண்களும் பிள்ளைகளும் இயல்பாகப் பாடலாம், ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே எடுக்கலாம். குரல் உடையும் வயதுப் பையன்களை வற்புறுத்தாதே, அவர்களிடம் சல்லரி என்ற கைத்தாளத்தைக் கொடு. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இங்கே நிறைய, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கொடுக்காதே. ழகரமும் ளகரமும் அதில் ஒன்றாகிவிடும், ஒருமுறை வாயில் ஏறிய பிழை இறங்காது. பிற்பாட்டின் இரண்டு வரியைக் காதால் மட்டும் பழக்கு, பத்துத் தரம் கேட்டால் வந்துவிடும்.

மூன்றாம் நாள் பின்னேரம் மலையகத்துத் தப்பு மேளம். இங்கே கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் குடும்பங்களில் அது தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்களே முன்னுக்கு நிற்பார்கள். தப்பைக் காய்ச்சாமல் அடித்தால் மட்டையில் தட்டுவது போலத்தான் கேட்கும். கடதாசித் தீக்கு ஒரு முழம் மேலே பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். மண்டபத்துக்கு வெளியே, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு. அடி மட்டும் பழகலாம். காமன் கூத்தை எடுக்காதே, அது மாசியில் விரதத்தோடு நடப்பது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் கிடையாது, கதை நேரம். வில்லுப்பாட்டை விடக் குடும்பத்துக்குப் பொருந்திய வடிவம் எனக்குத் தெரியாது, ஆளுக்கொரு வேலை இருக்கிறது. ஏழடி மூங்கிலை வளைத்து வில் கட்டு, ஏழு மணி தொங்கவிடு, வில்லைத் தட்ட இரண்டு வீசுகோல், ஒரு உடுக்கு, ஒரு குடம். குடம் வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்: கணீர் என்றால் எடு, கரகரத்தால் எங்கோ வெடிப்பு. குடத்தை வெறுந்தரையில் வைக்காதே. சத்தம் செத்துப் போகும், இரண்டாம் நாள் அடி வெடிக்கும். வைக்கோலை வளையமாகச் சுற்றிய திருகணையில் வைத்து, கமுகம் மட்டையை விசிறி போல் வெட்டிக் குடத்தின் வாயில் அடி. கையால் அடித்தால் பிள்ளைகளுக்குக் கை வீங்கும்.

கதை சொல்பவர் அம்மம்மாவோ அப்பப்பாவோ, எதிர்க் கேள்வி கேட்பது பேரப்பிள்ளை. எழுதி வாசிக்க விடாதே, வாசித்தால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எழும்பிப் போவார்கள். திருப்பங்களை மட்டும் கொடு. கீரிமலைக் கதை என்றால்: குதிரை முகத்தோடு சோழ இளவரசி, கடல் கடந்து வருகிறாள், கீரி முகத்தோடு இருந்த முனிவருக்கு அங்கே முகம் மாறிய கதையைக் கேட்கிறாள், ஊற்றில் முழுகுகிறாள், முகம் மாறுகிறது, மாவிட்டபுரத்தில் கோயில் எழும்புகிறது. ஆறே ஆறு படி. மிச்சம் அம்மம்மாவின் வாய். 12 நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். உங்களுக்குக் கன்னியா வெந்நீர் ஊற்று பக்கத்திலேயே இருக்கிறது, இராவணன் இறந்த தாய்க்கு இறுதிக்கடன் கழிக்க நிலத்தில் வாளால் குத்திய கதையை எடு. சொல்லிவிட்டுப் பின்னேரம் ஏழு கிணற்றிலும் கொண்டுபோய் முழுக வார்க்கலாம்.

மேலே கட்டிய கயிறுகளை ஆடியபடி பின்னி அவிழ்க்கும் பின்னல் கோலாட்டமும் வேண்டும் என்றாய். 12 கயிறு, ஆறு சிவப்பு, ஆறு மஞ்சள், ஒவ்வொன்றும் 14 அடி. 11 அடி உயரத்தில் ஒரு வளையம். விசிறிக் கொழுக்கியில் கட்டாதே, 12 பேர் இழுத்தால் அது கழன்று வரும். சிவப்பு இடம், மஞ்சள் வலம், ஒருவருக்கு உள்ளே அடுத்தவருக்கு வெளியே. பின்னும்போது பிழை தெரியாது, அவிழ்க்கும்போதுதான் முடிச்சு விழும். கடைசியாக வெளியே போனவர் அவிழ்க்கும்போது முதலில் வெளியேதான் திரும்ப வேண்டும். அதை மறந்து உள்ளே திரும்பினால் எல்லாம் சிக்கும். அதனால் "நிறுத்து" என்றதும் ஒவ்வொருவரும் "உள்ளே" அல்லது "வெளியே" என்று தாங்கள் நின்ற நிலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னல் மூன்றடி வந்ததும் நிறுத்து.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லீற்றர், 45 பேருக்கு 19 லீற்றர்ப் போத்தல் ஐந்து. தேசிக்காய்த் தண்ணியில் உப்பு மறக்காதே. போன்கள் எல்லாம் ஒரு கூடைக்குள். ஒரே ஒருவர், அரங்கேற்றத்தை மட்டும் எடுக்கட்டும்.

அரங்கேற்றம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடாதே. கூத்தில் அதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறது, வீட்டுக்கு வீடு ஆடுதல். அடுத்த நான்கு கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாக மூன்று மூன்று குடும்பம். இங்கே எல்லாம் அடுக்குமாடி, கீழ்வீட்டுக்காரருக்கு மிதி கேட்கும், சதங்கை கட்ட முடியாது. மொட்டைமாடி கிடைத்தால் பத்து நிமிட ஆட்டம், கிடைக்காவிட்டால் பாயில் இருந்து கைத்தாளத்தோடு பாட்டும் கதையும். கீழ்வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் கையில் ஒரு சல்லரியைக் கொடுத்துவிடு. உங்கள் ஊரில் முற்றம் இருக்கிறது, சதங்கையோடேயே போகலாம்.

நாள் முடிவானதும் எழுது. அண்ணாவியாருக்கு எந்தக் கிழமை வசதி என்று இங்கே கேட்டு வைக்கிறேன். ரேப்பும் 12 கயிறும் என்னிடம் இருக்கின்றன, யாரும் அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து விடுகிறேன். குடத்தை மட்டும் அங்கேயே சுண்டிப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
உன் மச்சான்