பீரோ சாவி யாரிடம்? சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர் ஐயர் அவர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நம் சபையின் வாசிப்பைப் பற்றியும் சபை நூலக பீரோவைப் பற்றியும் ஒரு விண்ணப்பம். இதைக் கூட்டத்திலேயே பேசியிருக்கலாம். போன தடவை "இதர காரியங்கள்" வரும்போது மணி ஒன்பதரை ஆகிவிட்டது. அசன விருந்துக்கு எத்தனை ஆடு என்பதிலேயே எல்லாரும் களைத்துப்போயிருந்தோம். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

"வேதம் வாசியுங்கள், ஜெபம்பண்ணுங்கள்" என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். சரிதான். ஆனால் வேதத்தை விளங்கிக்கொள்ள வேறு எதை வாசிக்கலாம், எதை எடுத்த கையோடு கீழே வைத்துவிடலாம் என்று பிரசங்க பீடத்திலிருந்து ஒருவரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனபோது, வாசிக்கிறது விளங்குகிறதா என்று பிலிப்பு ஓடிப்போய்க் கேட்டாரே, அப்படிக் கேட்க நமக்கு ஆள் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வரும்போது வாசலில் தட்டு நிறைய, புதுவருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம் தரும் வாக்குத்தத்த அட்டைகள். என் மகன் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான். எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." முன்னால் ரோஜாப்பூப் படம், பின்னால் ஒரு நகைக்கடை விளம்பரம். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டான். இண்டர்வியூவுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் எடுத்துப் பார்ப்பானாம். ஆறு இடம் போனான், ஒன்றும் அமையவில்லை. அடுத்த டிசம்பரில் குடிலுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தபோது, முனை மழுங்கிய அந்த அட்டையை என் முன்னால் வைத்தான்.

"அப்பா, இது எனக்குச் சொன்னதா, இல்ல அச்சடிச்சவங்க சொன்னதா?"

இருபது வருஷம் ஓய்வுநாள் பள்ளி வாத்தியாராக இருந்தவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் ஆலயத்து வெஸ்ட்ரி அறைக்குப் போனேன். "சபை நூலகம்" என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய இரும்பு பீரோ ஒன்று அங்கே நிற்கிறதே, அதைத் திறக்கலாம் என்று. சாவியைத் தேடி நான்கு வீடு ஏறி இறங்கினேன். கடைசியில் மணியடிக்கும் தாத்தா ஒரு ஸ்குரூடிரைவரோடு வந்து காரியத்தை முடித்தார். மேல்தட்டில் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் காகிதக் கிரீடங்கள். நடுத்தட்டில் உடைந்த ஸ்டார், இரண்டு மைக் ஒயர், அசன வாளிகளின் கணக்கு நோட்டு. புத்தகங்கள் அடித்தட்டில்தான், நாற்பது இருக்கும். பாதியை இராமபாணப் பூச்சி துளைத்திருந்தது. இரவல் நோட்டில் கடைசிக் கையெழுத்து 1996-இல் போட்டது. அந்தக் குவியலில் எரேமியாவுக்கு ஒரு சின்ன விளக்கநூல் கிடைத்தது. எழுதியவர் பெயர் இருந்த பக்கத்தை எலி தின்றுவிட்டது.

அதை வைத்துக்கொண்டு மகனும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். 29-ஆம் அதிகாரமே ஒரு கடிதம்தான். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பியது. பதினோராம் வசனம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். பத்தாம் வசனம் எத்தனை பேருக்குத் தெரியும்? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகுதான் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது அது. அதற்கும் முன்னால் போனால், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியுங்கள், பிடித்துக்கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியே இருக்கமாட்டார்கள்.

ஒரு அதிகாரம் பின்னே தள்ளினால் அனனியா வருகிறான். இவன் கிபியோன் ஊர்க்காரன், பொய்த் தீர்க்கதரிசி. இரண்டே வருஷம், பாபிலோனுக்குப் போன ஆலயப் பாத்திரங்களும் போன ஆட்களும் வந்துவிடும் என்று ஆலயத்தில் சகல ஜனத்துக்கும் முன்பாகச் சொல்கிறான். அதற்கு எரேமியா முதலில் சொன்ன வார்த்தை "ஆமென்". அப்படியே நடக்கட்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. ஆனாலும் அதைத் தொடர்ந்து எச்சரிக்கவும் செய்கிறார். அனனியாவோ, பாபிலோனுக்குக் கீழ்ப்படிவதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். அந்த வருஷமே செத்தும் போகிறான்.

மகன் அட்டையைக் கிழிக்கவில்லை. "எழுபது வருஷம்னு சேர்த்து அச்சடிச்சிருந்தா, போன வருஷமே நான் தோட்டம் போட்டிருப்பேன்" என்றான். இப்போது சின்னதாக ஒரு தொழில் செய்கிறான். அது வேறு கதை.

அன்றிலிருந்து எது கைக்கு வந்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். இது எரேமியாவின் கடிதமா, அனனியாவின் பேச்சா? நம் சபை வாட்ஸாப் குழுவில் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து விழுபவற்றில் அனனியாதான் ஜாஸ்தி. பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் அற்புதம். இன்ன மாதத்தில் இயேசுவின் வருகை. கடைசியில் ஒரு வங்கிக் கணக்கு எண். இவையெல்லாம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். நல்ல பிள்ளை மாதிரி வருகிறவைதான் தொந்தரவு. "பயப்படாதே" என்று வேதத்தில் சரியாக 365 தடவை இருக்கிறதாம், நாளுக்கு ஒன்றாம். பிரசங்கத்திலேயே கேட்டிருக்கிறோம். ஒரு லீவு நாளில், எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் கன்கார்டன்ஸை விரித்துவைத்து எண்ணிப் பார்த்தேன். பயப்படாதே, பயப்படாதிருங்கள், பயப்படவேண்டாம் என்று எல்லா உருவத்தையும் கூட்டியும் பாதியைத் தொடவில்லை. பொய்யான கணக்கு இல்லாமலே அந்த வார்த்தை நிற்கும், நமக்குத்தான் அலங்காரம் வேண்டியிருக்கிறது. அந்த 365 கணக்கை எழுதியவர் யாரென்று தேடினால் ஆளே கிடையாது. (என் எரேமியா புத்தகத்துக்கும் ஆள் பெயர் கிடையாது என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அது எலியின் வேலை. அந்தப் புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் வேதத்தைத் திறக்கவைத்தது, ஃபார்வர்டோ வேதத்தைத் திறக்கத் தேவையே இல்லாமல் செய்கிறது.)

நாமும் வாசிப்பு இல்லாத கூட்டம் இல்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம், இந்திய மொழியில் அதன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, பத்து வருஷத்துக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார். இதையெல்லாம் நூற்றாண்டு மலர்களில் போட்டுக்கொள்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதினார் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்விக்குப் படித்திருப்போம். அது 1894-இல் புத்தகமாக வருவதற்கு முன்னால், பாளையங்கோட்டையிலிருந்து வந்த 'நற்போதகம்' மாத இதழில் பதின்மூன்று வருஷம் தொடராக வந்தது. பதின்மூன்று வருஷம், செய்யுளாக! பனையேறிகள் வீட்டிலும் உபதேசியார் வீட்டிலும் அடுத்த மாதத்துக்குக் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். "சத்தாய் நிஷ்களமாய்" என்று நாம் உருகிப் பாடுகிறோமே, அது அந்தக் காவியத்திலிருந்து வந்தது. பாட்டு நம்மிடம் தங்கிவிட்டது, புத்தகம் பீரோவில் பூட்டிக்கிடக்கிறது.

இதைப் பற்றி வாய்மொழியாகக் கேட்டபோது கமிட்டி அங்கத்தினர் ஒருவர், "கண்டதையும் வைத்தால் உபதேசம் கெட்டுவிடும்" என்றார். பீரோவில் இருந்த 'தேம்பாவணி'யைக் காட்டி "இது ஆர்.சி. புத்தகம்" என்றும் சொன்னார். ஆமாம், அதை எழுதிய வீரமாமுனிவர் ரோமன் கத்தோலிக்கக் குருதான். இத்தாலியில் பிறந்து, தமிழ் படித்து, யோசேப்பைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து 3,615 பாட்டு எழுதியவர். கிறிஸ்துமஸ் நாடகத்தில் நம் யோசேப்பு ஒட்டுத்தாடியோடு ஓரமாக நிற்பார், ஒரு வசனம்கூடக் கிடையாது. வேறு சபைக்காரர் எழுதியதை வாசித்தால் நம் உபதேசம் கரைந்துவிடும் என்றால், அது ஏற்கெனவே தண்ணியாகத்தான் இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. கோயிலுக்குள்ளும் ஜாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கிறிஸ்தவப் பெண் ஒருத்தி சொன்னது. அதையும் அந்தத் தட்டில் வைக்கச் சொல்வேன். கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி நம் கூட்டத்தில் நடந்த பேச்சைக் கேட்டவன் என்பதால் சொல்கிறேன்.

நான் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. "வாசிப்பு உபகமிட்டி" என்று ஒன்றைப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அதற்குத் தலைவர் யார் என்பதிலேயே இரண்டு வருஷம் போய்விடும். மாதம் ஒரு ஞாயிறு, அறிவிப்புகள் முடிந்ததும் ஐந்து நிமிடம். சபையில் யாராவது ஒருவர் எழுந்து, தான் உண்மையாகவே வாசித்து முடித்த ஒன்றைப் பற்றிச் சொல்லட்டும். எழுதியது யார், எங்கே பிரயோஜனமாக இருந்தது, எந்த இடத்தில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கடைசிக் கேள்வியை விட்டுவிடக்கூடாது, விட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். பெண்கள் சங்கத்தில் லெந்து என்னும் தவக்கால நாட்களுக்கென்று தனியாக வாசிக்கிறவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்களிடம் ஒரு நாளும் நாம் கேட்டதில்லை. வாலிபர்கள் போனில் வாசிக்கட்டும், பரவாயில்லை, வந்து சொல்லட்டும்.

ஐயர் அவர்களுக்குத் தனியாக ஒன்று. தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம். பிரசங்கத்துக்கு எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள் என்று அங்கேயே சொன்னால் உங்கள் மதிப்பு குறையாது. பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மேலங்கியோடு புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டவர்தானே.

வருகிற புதுவருடத்துக்கு அட்டை அச்சடிக்கும்போது, வசனத்தோடு "முழு அதிகாரத்தையும் வாசிக்கவும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அச்சகத்தில் கேட்டுப்பார்த்தேன். கூடுதல் காசு வேண்டாம் என்றார்கள். நகைக்கடை விளம்பரத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் போதுமாம்.

பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன், 180 ரூபாய், ரசீது இணைத்துள்ளேன். சாவி இரண்டு. ஒன்று மணியடிக்கும் தாத்தாவிடம் இருக்கிறது. மற்றதை எந்த வீட்டில் கொடுக்கவேண்டும் என்று கமிட்டி சொல்லட்டும். கிரீடங்களை ஒரு பெட்டியில் போட்டு மேலே வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்