சுவெலபில் பிறந்த ஊரில் ஒரு நாள்

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் வீட்டில் அனைவரின் நலமறிய அவா. வியன்னாவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அங்கிருந்து ரயிலில் நான்கு மணி நேரப் பயணத்தில், முந்தாநாள் இரவு செக் நாட்டின் தலைநகரான பிராக் வந்து சேர்ந்தோம். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927-இல் பிறந்த ஊரைப் பார்க்காமல் திரும்பினால் நீங்கள் என்னோடு பேசமாட்டீர்கள் என்று சொல்லித்தான் மனைவியைக் கிளப்பினேன். அவர் வாழ்ந்த வீட்டைத் தேடித் தெருத்தெருவாக அலையவிடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அவளும் சம்மதித்தாள்.

நேற்றுக் காலை 22-ஆம் எண் டிராமில் கோட்டைக்குச் சென்றோம். பயணச்சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, வண்டிக்குள் இருக்கும் மஞ்சள் பெட்டியில் அதைச் செருகி முத்திரை குத்திக்கொள்ளவும் வேண்டும் என்பதை எதிரில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி சைகையிலேயே உணர்த்தி, எங்களை அபராதத்திலிருந்து காப்பாற்றினார். கோட்டைக்குள் இருக்கும் பேராலயம் 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முழுமை பெற்றது. அங்கே கூட்டம் எங்களை நிற்கவிடவில்லை. இறங்கி ஆற்றுப் பக்கம் வந்துவிட்டோம்.

வல்தாவா ஆற்றின் மேல் நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் கட்டத் தொடங்கிய கல் பாலம் அரை கிலோமீட்டர் நீளம். இரு மருங்கும் முப்பது சிலைகள். அவற்றில் நெபோமுக் யோவானின் சிலைக்கு அடியில் உள்ள உலோகப் பலகை, தொட்டுத் தொட்டுத் தேய்ந்து பொன்னாக மின்னுகிறது. அரசி பாவமன்னிப்பில் கூறியதை அரசனிடம் சொல்ல மறுத்ததால் 1393-இல் இந்த ஆற்றில் வீசப்பட்டவர் என்பது அவரைப் பற்றிய கதை. நந்தியின் காதில் சொல்வதுபோல் என் மனைவி அந்தப் பலகையில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தாள். என்னவென்று கேட்டதற்கு, இரகசியம் காப்பவரிடம் சொன்னதை உங்களிடம் ஏன் சொல்ல வேண்டும் என்றாள்.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தின் முன் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மணி நிறைந்ததும் ஓர் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரு சன்னல்களில் திருத்தூதர்கள் வரிசையாக வந்து போகிறார்கள். இறுதியில் ஒரு சேவல் கூவுகிறது. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட, இதற்கா இத்தனை கூட்டம் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. அவளோ நான் பார்க்காததைப் பார்த்திருந்தாள். எலும்புக்கூடு அழைக்க, கையில் கண்ணாடியோடு நிற்பவனும் பணப்பையோடு நிற்பவனும் மாட்டேன் என்று தலையாட்டுகிறார்களாம். எமன் கூப்பிட்டவுடன் யார்தான் செருப்பை மாட்டுவார்கள் என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு யூதர் பகுதிக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது. பிங்கஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற, இந்நாட்டின் பொகீமிய, மொராவியப் பகுதிகளைச் சேர்ந்த யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைக் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில், ஆட்களின் பெயர்கள் கறுப்பில். தொலைவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறப் பூச்சு போலிருக்கிறது. அருகில் சென்றால்தான் எழுத்து என்று தெரிகிறது. ஒரே குடும்பப் பெயரின் கீழ் எத்தனை பேர் என்று அவள் விரலைச் சுவரில் படாமல் நகர்த்தி எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது பெயரோடு எண்ணுவதை விட்டுவிட்டாள்.

வெளியே அமர்ந்திருந்தபோது மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படைகள் இவ்வூருக்குள் நுழைந்தபோது சுவெலபிலுக்கு வயது பதினொன்று. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்தபோது நாற்பது. அதன்பின் வெளிநாடுகளிலேயே வாழ்ந்து, நெதர்லாந்தின் உட்ரெக்டில் கற்பித்தார். தொல்காப்பியத்திற்கு அவர் கணித்த காலம் சரியா என்று விடுதி அறையில் நாம் இருவரும் விடிய விடிய வாதாடினோமே, அந்த மனிதர் எதையெல்லாம் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார் என்று ஒரு நாளாவது நினைத்தோமா? அப்போது எனக்கு அவர் வெறும் அடிக்குறிப்புதான்.

மாலையில் கல் பாவிய தெருக்களில் நடந்து அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் உண்டுவிட்டு அறைக்குத் திரும்பினோம். கடிகாரத்தின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று உங்களுக்காக வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஊர் திரும்பியதும் நேரில் தருவேன். அன்று எனக்கு இரவல் தர மறுத்த சுவெலபிலின் நூல் இன்னும் உங்கள் அலமாரியில் இருந்தால், தூசி தட்டி எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்