குயவரை மேடையேற்ற வேண்டாம், வகுப்புக்குள் விடுங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை நம் பள்ளியில் நடந்த 'கம்யூனிட்டி ஹெல்பர்ஸ் டே', அதாவது ஊருக்கு உழைப்பவர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் நாள் பற்றி நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. நீங்களே முன்வரிசையில் இருந்தீர்கள். விருந்தினராக வந்த குயவருக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்து, ஐந்து நிமிடம் பேசச் சொன்னோம். பிள்ளைகள் வாடகை உடையில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்குச் சக்கரமே தெரியவில்லை. உடை அழுக்காகிவிடும் என்று ஒரு பிள்ளையைக்கூட மண்ணைத் தொட விடவில்லை. அவர் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த மண் வந்தபடியே ஆட்டோவில் திரும்பிப் போனது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். விருந்தினர் மேடைக்கு வர வேண்டாம், வகுப்புக்கு வரட்டும். மாதம் ஒருவர் வந்தால் போதும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 30 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 200 கிராம் என்று 6 கிலோ மண். குயவர் செய்துகாட்ட இன்னும் 2 கிலோ. கல், வேர் பொறுக்கி முந்தின நாளே பிசைந்து வைத்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் 6 பேர், 15 நிமிடம். நாலு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுமை இருக்காது. மற்றவர்களை இன்னொரு ஆசிரியை கதை சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

யானை செய்தால் தும்பிக்கை விழும். ஒட்டும் இரண்டு இடத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, சேற்றுக் குழம்பைத் தடவி அழுத்தினால்தான் நிற்கும். சட்டி செய்தால் விளிம்பு வெடிக்கும். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, தடித்த இடம் ஈரமாகவே இருக்கிறது, அதனால்தான் விரிசல். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் இன்னும் மோசம். நிழலில் நாலைந்து நாள் கிடக்க வேண்டும். காய்ந்த சட்டி ஒன்றில் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் கரைந்து உட்காரும். குயவர் கொண்டுவரும் சுட்ட சட்டியில் அதே தண்ணீரை ஊற்றினால் சட்டி அப்படியே நிற்கும். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

வாஷ்பேசின் அடைத்துக்கொள்ளும் என்று அலுவலகம் சொன்னது உண்மைதான். அதனால் கை கழுவ இரண்டு பக்கெட் வைப்போம். மண் அடியில் தங்கியதும் மேல் தண்ணீர் செடிக்கு, வண்டல் மறுபடி சாக்குக்கு.

எழுத்துப் பயிற்சி கெடும் என்றும் சுற்றறிக்கையில் குறிப்பிட்டிருந்தீர்கள். பென்சிலை இறுக்கிப் பிடித்து இரண்டு வரியில் கை வலிக்கிறது என்று நிறுத்தும் பிள்ளைக்கு நாலு கோடு நோட்டில் மேலும் இரண்டு பக்கம் கொடுப்பதால் விரலில் வலு வராது. பிசைவதும் உருட்டுவதும் கிள்ளுவதும்தான் அந்த வலுவைத் தரும். பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும் என்ற கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து இங்குள்ள ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தார். அவர் பெயர் நம் பள்ளிப் பலகையில் இருக்கிறது. எல்.கே.ஜி. பிள்ளை காலை முழுக்கக் கை கட்டி உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கு அந்தப் பெயரை வைத்திருப்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது. பெற்றோரிடம் கட்டணம் வாங்கும்போது சொல்வதை வகுப்பில் செய்ய விடுங்கள்.

மன்னிக்கவும், கோரிக்கைக்கே வருகிறோம். அடுத்து தபால்காரரை அழைக்கலாம். அஞ்சலட்டை ஒன்று 50 பைசா, 30 பிள்ளைகளுக்கு 15 ரூபாய். பிள்ளை படம் வரையட்டும், முகவரியை நாங்கள் எழுதுகிறோம். தபால்காரர் முத்திரை எப்படிக் குத்துவது என்று காட்டட்டும், பிள்ளைகள் தங்கள் கையாலேயே பெட்டியில் போடட்டும். சில நாளில் அது அவரவர் வீட்டுக்கே வந்து சேரும். நர்ஸ் வந்தால் பிள்ளைகள் ஸ்டெதஸ்கோப்பில் தங்கள் நெஞ்சுத் துடிப்பையே கேட்கலாம். காதில் வைக்கும் முனையை ஒவ்வொருவருக்கும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும். விதை முளைக்க வைக்கும் வாரத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பயறு மூக்கில் போனால் ஈரத்தில் ஊதிவிடும், எடுப்பது கடினம். எனவே ஒரு ஆசிரியைக்கு 6 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. இதனால்தான் ஆயாம்மா ஒருவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

குயவரை மீண்டும் அழைக்க விரும்புகிறோம். மார்கழியில் அவருக்குப் பொங்கல் பானை வேலை தலைக்கு மேல் இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் மண் காயாது. ஆகவே ஆடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை பொன்னாடைக்குப் பதிலாக அரை நாள் கூலியும் ஆட்டோ வாடகையும் கொடுங்கள். அவர் வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

மேடை, மைக், வாடகை உடை எதுவும் வேண்டாம். வகுப்புக்குள் அனுமதி மட்டும் போதும். தேதியும் செலவு விவரமும் இணைத்துள்ளோம். இந்த வாரத்துக்குள் கையெழுத்திட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு ஆசிரியைகள்