பங்க்கில் ஆயில் பார்க்கும் முறை

ஆசிரியருக்கு,

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்திய கையோடு டிப்ஸ்டிக்கை (எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) உருவிப் பார்த்துவிட்டு, "ஆயில் குறைச்சலா இருக்கு சார்" என்று அரை லிட்டர் ஊற்றிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இதை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மேலே, ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) வரை சுற்றிக்கொண்டிருக்கும். அது சம்ப்புக்கு (எஞ்சினின் அடித்தொட்டிக்கு) இறங்க ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் பார்த்தால் அளவு குறைவாகத்தான் தெரியும்.

சமதளத்தில் நிறுத்தி, காத்திருந்து, டிப்ஸ்டிக்கைப் பிசிறு இல்லாத துணியால் துடைத்து, அடிவரை செருகி மறுபடி எடுங்கள். இரு பக்கமும் பாருங்கள். வேறுபட்டால் குறைந்த அளவே கணக்கு. (சில கார்களில் எஞ்சின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும், கையேட்டில் இருக்கும்.) பல கார்களில் டிப்ஸ்டிக்கின் கீழ், மேல் குறிகளுக்கு இடையே சுமார் ஒரு லிட்டர்தான். எனவே 200 மில்லி ஊற்றி, பொறுத்து, மீண்டும் பாருங்கள்.

மேல் குறியை வெகுவாகத் தாண்டினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், பிரஷர் விழும், சீல் கசியும். ஊற்றாமலே அளவு ஏறினால் அது இன்னும் மோசம். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள டீசல் கார்களில், குறுகிய தூரமே ஓட்டினால் டீசல், எஞ்சின் ஆயிலில் கலந்து இப்படி ஆகும்.

டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலான கார்களில் அது காட்டுவது பிரஷரை, அளவை அல்ல.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள், ஈரோடு