அகதிப் படகும் நம் வீட்டுப் பேச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அகதிப் படகொன்று கரை தட்டியதாகச் செய்தி வந்தால், அன்று மாலைக்குள் மலையகத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் பேச்சுத் தொடங்கிவிடும். 2024 டிசம்பரில் மியன்மாரிலிருந்து தப்பி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கினார்கள். அங்கிருந்த மீனவர்களும் ஊர்மக்களும் உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். நம் தோட்டத்து லயங்களிலோ, 'கள்ளத்தோணிய எல்லாம் திருப்பி அனுப்பணும், நமக்கே இங்க வழியில்ல' என்ற குரலும் சேர்ந்தே கேட்டது. சொன்னவர்கள் அந்நியர்கள் அல்ல. மாமா, சித்தப்பா, மச்சான், கூடப் படித்த நண்பன். 'இவங்ககிட்ட என்னத்த சொல்றது?' என்று இளைஞர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் செய்யக்கூடாதது. குரூப்பில் அந்தச் செய்திக்குக் கீழேயே பதில் போடக்கூடாது. அறுபது பேர் பார்க்கும் இடத்தில் மருமகன் திருத்தினால், மாமா தன் கருத்தைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டுத் தன் மரியாதையைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். உடனே அவருடைய தம்பி துணைக்கு வருவார், பெண்கள் வாய்மூடிவிடுவார்கள், விஷயம் படகிலிருந்து நழுவி 'நேத்துப் பொறந்த பய' என்ற இடத்தில் போய் நிற்கும். 'ஏறி வந்த ஏணிய எட்டி ஒதைக்கிறீங்களே' என்ற வசனமும் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கும், கேட்டவர் அடுத்த ஒரு மாதம் பேசமாட்டார். கல்யாண வீடு, கருமாதி, தண்ணி போட்டிருக்கும் நேரம் ஆகியவையும் இதற்கு ஆகாது.

யார் பேசுவது என்பதிலும் விவரம் உண்டு. தகப்பனிடம் மகன் எதிர்த்துப் பேசுவதற்கும், மச்சான் முறைக்காரர் கிண்டலோடு கேட்பதற்கும் நம் வீடுகளில் எவ்வளவு வித்தியாசம் என்பது தெரிந்ததே. சித்தப்பாவிடம் அண்ணன் மகன் சொன்னால் 'வாய்' என்பார்கள். அதையே அவருடைய மச்சான் சொன்னால் சிரித்துக்கொண்டாவது கேட்பார். ஆகவே பேசத் தோதான முறைக்காரர் ஒருவரை முதலில் பிடியுங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டால், பிளேன்டீ ஒன்றோடு தனியே உட்கார நேரம் கிடைக்கும்போது நீங்களே தொடங்கலாம். அப்போதும் கருத்தைச் சொல்லித் தொடங்காமல் ஒரு கேள்வியோடு தொடங்க வேண்டும்:

'மாமா, நம்ம தாத்தாவுக்கு பிரஜாவுரிம எந்த வருசம் கெடச்சிச்சு?'

அநேகமாக எல்லா மலையகக் குடும்பத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட பதில் இருக்கிறது. தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு சான்றிதழோ, மறுக்கப்பட்ட விண்ணப்பமோ, இந்தியக் கடவுச்சீட்டோ வெளியே வரும். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை அழுகையோடு ஏற்றிப்போன ரயிலான ஒப்பாரிக் கோச்சியில் ஏறிப் போன அத்தையைப் பற்றிய பேச்சும் வரும். வரட்டும். குறுக்கிடாமல் கேளுங்கள். 'அப்ப ஒங்களுக்கு எப்படி இருந்திச்சு?' என்று மட்டும் இடையில் கேட்கலாம். அவர் சொல்லி முடித்த பிறகு, உங்களுக்குத் தெரிந்த ஒருவர் பட்ட பாட்டையும் சொல்லுங்கள். குவைத்துக்கோ லெபனானுக்கோ வீட்டுவேலைக்குப் போன பெண்ணாக அவர் இருந்தால் மிகவும் பொருந்தும். அதன் பிறகுதான் படகைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த வரிசை எங்கள் கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஜோஷ்வா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வீடு வீடாக ஆட்களை அனுப்பிப் பரிசோதித்து 2020 இல் முடிவை வெளியிட்டார்கள். வந்து குடியேறியவர்களைப் பற்றிய பேச்சும் அதில் இருந்தது. குற்றம் சொல்லாமல் கேட்டு, இரு தரப்பும் அனுபவத்தைப் பரிமாறிக்கொண்ட உரையாடல்கள் மட்டுமே மனதைக் கொஞ்சம் நகர்த்தின. அந்த மாற்றம் மாதக்கணக்கில் நின்றது. அனுபவப் பரிமாற்றத்தை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் வைத்தபோது பலனே இல்லை. 'கொஞ்சம்' என்பதைக் கவனியுங்கள். ஒரே நாளில் மாமா மாறிவிடமாட்டார். அடுத்த முறை அந்தச் செய்தியை முன்னனுப்பும்போது அவர் விரல் சற்றுத் தயங்கினால் அதுவே பெரிய காரியம்.

இனி, நம்மவர்கள் சொல்லும் மிக வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம். 'நம்மள வெள்ளைக்காரன் கூட்டியாந்தான். காட்ட வெட்டி, ரோடு போட்டு, தேயிலைய நட்டு ஒழைச்சோம். இவங்க தானா ஏறி வாராங்க. ரெண்டும் ஒண்ணா?' இதை மடத்தனம் என்று ஒதுக்கக்கூடாது. வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு கேளுங்கள்: 1948 இல் அந்த வித்தியாசம் நமக்கு உதவியதா? அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் 'கூட்டி வந்தவனா, தானே வந்தவனா, எத்தனை ஏக்கர் நட்டவன்' என்று யாரையும் கேட்கவில்லை. இங்கே பிறந்தவரிடமும், தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. அது இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்தவனின் பூட்டனுக்கு யார் பிறப்புப் பதிவு வைத்திருந்தார்கள்? 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மவர்கள் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்தக் கணக்கில் உழைப்பு எந்த நிரலிலும் இல்லை. கடைசி முடிச்சு அவிழ, எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இன்னொன்று, நம்மில் எல்லோரும் துரை கூப்பிட்டு வந்தவர்களும் அல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் தாண்டியவர்கள் ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் நாமே.

ரோஹிங்கியாக்களின் கதையில் நம்மவர்களை உண்மையிலேயே நிமிர்ந்து உட்காரவைக்கும் விவரம் ஒன்று உண்டு. மியன்மாரின் 1982 குடியுரிமைச் சட்டம், 1823 ஆம் ஆண்டுக்கு முன்பே அந்த மண்ணில் குடியிருந்த இனங்களையே இயல்பான குடிமக்களாக ஏற்கிறது. ரோஹிங்கியாக்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2023 இல் நாம் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, நம்மவர்கள் இங்கே வந்த அந்தக் கணக்கும் 1823 இலிருந்துதான் தொடங்குகிறது. அப்படியொரு சட்டம் இங்கே இருந்திருந்தால் நம்மில் ஒருவரும் தேறியிருக்கமாட்டோம். இதை மாமாவிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கவுரை சேர்த்தால் கெட்டுவிடும்.

அடுத்து வதந்திகள். 'இவங்களுக்குக் காணி குடுக்கப் போறாங்க, அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) குடுக்கப் போறாங்க' என்பது நம் பக்கத்தில் வேகமாகப் பரவும். காணி என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குப் பற்றிக்கொள்ளும், வீடு கட்ட ஏழு பேர்ச் காணிக்காகவே இத்தனை ஆண்டுகள் இழுபட்டவர்கள் நாம். ஆகவே கோபத்தை விட்டுவிட்டு விவரத்தை மட்டும் பாருங்கள். இலங்கை 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் கைச்சாத்திடவில்லை. ஐ.நா. அகதியாக ஏற்றுக்கொண்டவருக்கும் இங்கே வேலை செய்யும் உரிமை கிடையாது. வேறொரு நாடு ஏற்கும்வரை காத்திருப்பதே அவர்கள் நிலை. இங்கே பிறந்த குழந்தைக்கும் பிறந்த காரணத்தால் பிரஜாவுரிமை வராது. தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இந்த நாட்டில் இருக்கும் அகதிகளின் தொகை சில நூறு. நம் நாட்டிலிருந்து வேலைதேடி வெளிநாடு போனவர்கள் 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகம்.

'வெளியாட்கள் வந்தால் சம்பளம் விழும்' என்று சொல்பவரிடம் தோட்டச் சம்பளத்தின் கதையை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 வரை, 1,350 ரூபாவாக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை இழுத்தடித்தவர்கள் யார், சம்பள நிர்ணய சபையில் எதிர்த்து நின்றவர்கள் யார் என்பது தொழிற்சங்கச் சந்தா கட்டிய எவருக்கும் தெரியும். படகில் வந்த ஒருவரும் அந்த மேசையில் இருக்கவில்லை.

சில பேச்சுகளில் படகு ஒரு சாக்குத்தான். உள்ளே இருப்பது மதம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தப் பயம் கூடியது, அதைப் பொய்ப்பயம் என்று தள்ள முடியாது. ஆனால் அந்தக் குண்டுகளை வெடிக்க வைத்தவர்கள் இந்த நாட்டுப் பிரஜைகள், அகதிகள் அல்லர். அதன் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்டு பொலிஸ் நிலையத்தில் ஒண்டிய அகதிகளில், பாகிஸ்தானில் மதவெறிக் கும்பல்களுக்குத் தப்பி வந்த, சிறுபான்மை முஸ்லிம் பிரிவினரான அஹ்மதியரும் கிறிஸ்தவரும் இருந்தார்கள். 2017 செப்டெம்பரில் கல்கிசையில் ஐ.நா. பாதுகாப்பிலிருந்த 31 ரோஹிங்கியாக்களின் வீட்டைப் பிக்குகள் தலைமையிலான கும்பல் சூழ்ந்ததும் நினைவிருக்கலாம். 'இது படகப் பத்தின பயமா, பள்ளிவாசலப் பத்தின பயமா மச்சான்?' என்று நண்பனிடம் நேராகவே கேட்டுவிடலாம். வயதில் பெரியவரிடம் இந்தக் கேள்வி வேண்டாம்.

மறுபக்கத்தில் நம் இளைஞர்கள் செய்யும் பிழையும் உண்டு. 'அகதி எல்லாரும் நல்லவங்க' என்று அடித்துப் பேசுவார்கள். நாளைக்கு ஒரு ஆட்கடத்தல் செய்தி வந்தால் அந்த வாதம் அப்படியே சரிந்துவிடும். ஆட்கடத்துகிறவன் வேறு, அவனுக்குக் காசு கொடுத்துப் படகேறியவன் வேறு என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நிலைக்கும்.

முன்னனுப்பிய செய்தியைப் பார்க்கும் முறை எளிது. செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது, எழுதியவர் யாரென்று மாமாவுக்கும் தெரியாது. படமென்றால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுத்த படகு என்பது பல தடவை ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். குரல் பதிவு என்றால் பேசியவர் பெயர், இடம், திகதி மூன்றையும் தேடுங்கள், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கண்டுபிடித்ததை குரூப்பில் போடாமல் அனுப்பியவருக்குத் தனியே அனுப்பி, 'மாமா, இது பழைய படம் போல, நீங்களே எடுத்துடுறீங்களா?' என்று கேளுங்கள். அவரே எடுத்தால் அவருக்குப் பெருமை. குரூப் நிர்வாகி வேண்டுமானால் எல்லோருக்குமாக அழிக்கலாம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுப்புப் பேச்சைக் குற்றமாக்கும் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தை (ஐ.சி.சி.பி.ஆர். சட்டம்) காட்டி உறவினரை மிரட்டுவது வீட்டுக்கு ஆகாது. அந்தச் சட்டம் எழுத்தாளர் மீதும் அப்பாவிகள் மீதும் பாய்ந்த கதைகள் போதுமான அளவு உண்டு. ஆனால் 'போய் அடிப்போம், எரிப்போம்' என்ற இடத்துக்குப் பேச்சுப் போனால் அது குடும்ப விவகாரம் அல்ல. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்குச் சொல்ல வேண்டியதே.

பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தனியாகப் பேசும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மாமாவிடம் வாதாடாமல், 'அப்படி எல்லாரையும் சொல்ல ஏலாது' என்று பிள்ளை காதில் விழும்படி ஒரு வரி சொன்னால் போதும். தோட்டத்துப் பிள்ளை என்று நகரப் பாடசாலையில் கேலிக்கு ஆளான அதே பிள்ளை, வீட்டில் கேட்டதைக் கொண்டுபோய் இன்னொரு பிள்ளை மேல் எறிவதை வகுப்பறையில் பார்க்காத ஆசிரியர் இல்லை.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு வேண்டுகோள். படகு கரை தட்டிய அன்று முதற்பக்கத்தில் படத்தோடு செய்தி வருகிறது. அவர்கள் எங்கே வைக்கப்பட்டார்கள், நீதிமன்றம் என்ன சொன்னது, எத்தனை பேரை எந்த நாடு ஏற்றது என்பது பிறகு வருவதே இல்லை. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து அதே படகைப் பற்றி உள்பக்கத்தில் ஒரு பத்தி போட்டால் போதும். 'காணி குடுத்துட்டாங்களாம்' என்று மாமா சொல்லும்போது கையில் எடுத்துக் காட்ட எங்களுக்கு ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.